பூட்டி வைத்த உப்பு

எங்கள் வீட்டு உப்பு மரவையை என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவன் நான். பலாக்கட்டையில் கடைந்த அந்த மரவை இன்றும் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. ஏழு வயது மகளுக்கு உப்பு எட்டக்கூடாது என்றுதான் பூட்டினேன். அவளை அடக்க மருந்து கொடுத்தேன். அந்த மருந்து இன்னும் நன்றாக அடக்கட்டும் என்று உப்பைப் பறித்தேன். இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். இரண்டாம் யுத்தத்துக்கு முந்திய வருடங்கள். பாகூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என் வகுப்பில் பிள்ளைகள் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது என்று பெயர் வாங்கியவன். என் மகளோ ஓரிடத்தில் உட்காரமாட்டாள். சிலேட்டை உடைப்பாள், தடுத்தவர் கையைக் கடிப்பாள், கட்டியிருக்கும் கன்றுகளை அவிழ்த்து விட்டு அவற்றோடு ஓடுவாள். எதிர்வீட்டில் கரும்பு பயிரிடும் பெரியவர் தெருவே கேட்கும்படி சொல்வார்: "இன்னா வாத்தியாரே, ஊரான் புள்ளைங்கள பொம்மையாட்டம் ஒக்கார வெக்கிறீங்க. உங்க பொண்ணு எங் கன்னுக்குட்டிக்கு ஓட்டப்பாடம் நடத்துதே!" தெரு சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் என்னைப் புதுச்சேரி மருத்துவரிடம் அனுப்பியது. மகளைப் பற்றிய கவலை அல்ல.

அவர் நரம்பை அடக்கும் புரோமைடு மருந்தை எழுதிக் கொடுத்தார். வேளைக்கு இவ்வளவு என்று பாட்டிலில் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்றார். இரண்டு வாரம் கழித்துப் பிள்ளையை அழைத்து வந்து காட்டச் சொன்னார். சில நாட்களிலேயே அவள் சுவரோரம் உட்கார ஆரம்பித்தாள். அந்த அமைதி எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இரண்டு வாரம் கழித்து நான் மட்டும் பாட்டிலோடு போய், "நல்ல குணம் தெரிகிறது" என்று சொல்லி மருந்தை வாங்கி வந்தேன். அதற்குப் பிறகும் அப்படியேதான்.

உப்பைக் குறைக்கச் சொன்னதை நிறுத்தச் சொன்னதாக ஆக்கிக்கொண்டேன். மருந்தென்றால் பத்தியம் இருக்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. என் மனைவி மட்டும், "ஏங்க, புள்ளைக்கு நாக்கு செத்துப் பூடுச்சுங்க. வேர்த்த கைய நக்கிக்கினு குந்தியிருக்குதுங்க" என்றாள். பிறகு ஒருநாள் அவள் முந்தானை முடிச்சில் உப்புக்கல்லைக் கண்டுபிடித்தேன். அன்றுதான் மரவை பெட்டிக்குள் போனது. வீடு முழுவதற்கும் உப்பில்லாச் சமையல். நானும் அதையே தின்றேன். அதனாலேயே என்னை நியாயவான் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் மருந்து வேளைக்கு மகள் தானாகவே என் முன்னால் வந்து நின்றாள். கரண்டியை வழித்து நக்கிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் குடுப்பா" என்பாள். "பாத்தியா, அவளே கேக்குறா" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். கேட்டபோதெல்லாம் கூடுதலாகவும் ஊற்றினேன்.

நாளாக ஆக அவள் நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. முகமெல்லாம் கொப்புளம். ஒரு மாலை எதிர்வீட்டுப் பெரியவர் கன்றை எங்கள் வாசலுக்கே ஓட்டி வந்து, கயிற்றை வேப்பமரத்தில் லேசாகச் சுற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டார். "வா தாயி, அவுத்து வுடு. நான் ஒண்ணும் சொல்லல." அவள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்று அவள் கையை நக்கியது. கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. "ஓடுனதே தேவல, வாத்தியாரே" என்றார் பெரியவர், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போனபின், என்ன தோன்றியதோ, மருந்தில் ஒரு சொட்டை என் நாக்கில் விட்டுப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

மறுநாளே வண்டி கட்டி அவளைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். "பிள்ளையைக் காட்டச் சொன்னேன், பாட்டிலையா காட்டச் சொன்னேன்?" என்று மருத்துவர் சீறினார். மருந்தை நிறுத்தி, உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கச் சொன்னார். உடம்பில் தங்கிய மருந்தை உப்புதான் வெளியேற்றும் என்றார். அப்படியானால் என் மனைவியின் முந்தானை முடிச்சுதான், நான் மரவையைப் பூட்டும்வரை, மகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மரவையை மனைவியிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "சாவியையும் குடுங்க" என்றாள்.

கஞ்சியை நானே ஊட்டினேன். முதல் சில நாட்கள் மகள் வாங்கிக்கொண்டாள். தெளியத் தெளிய என் கையைத் தள்ளினாள். அம்மா ஊட்டினால்தான் வாய் திறந்தாள். மழைக்காலம் வந்தபோது அவள் மறுபடி கன்றை அவிழ்த்தாள். தெரு சிரித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிக் கன்றைப் பிடித்து வந்து கட்டினேன். அடுத்தடுத்த வருடங்களில் எத்தனையோ முறை அப்படி ஓடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பரிகாரம் அதுதான்.

இப்போது எனக்கு இரத்த அழுத்தம். உப்பு கூடாது என்கிறார்கள். மகள் போன வாரம் வில்லியனூரிலிருந்து வந்து சமைத்தாள். எனக்கு உப்பில்லாமல் பரிமாறிவிட்டு, அலமாரியிலிருந்த மரவையை எடுத்து, ஒரே ஒரு கல்லை இலையோரம் வைத்தாள். "நாக்குல வெச்சுக்கப்பா. இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் அந்தக் கல்லைத் தொட முடியவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் கேட்டாள். மொண்டு கொடுத்தேன். டம்ளரை வாங்கி, என் கையால் எது வாங்கினாலும் செய்வதுபோல ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தாள்.