பம்பரம் உட்கார்ந்த நாள்

ஒரு கையில் சோற்றுத் தூக்கு, காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன். யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே, சோற்றை உருட்டிக் கீழே நீட்டியபடி நடக்கிறார் பம்பரம். ஏழு நாய்கள் பின்னாலேயே நடந்து வாங்கித் தின்கின்றன.

பம்பரம் என்பது நாங்கள் வைத்த பெயர். நாற்பதை நெருங்கும் பெண்மணி. காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, மதியத்திலிருந்து எங்கள் கொட்டகை. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிறோம். எட்டுப் பேர், ஒருவருக்கும் சம்பளமில்லை. நான் சோறு வடிப்பவள். இந்த நான்கு வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாதி குடித்த டீ டம்ளர்கள் ஜன்னல்தோறும் ஆறிக் கிடக்கும். "உக்காந்தா எதையோ விட்டுட்டு வந்த மாதிரியே இருக்குக்கா" என்பார்.

நாயைக் கொடுக்குமுன் வீடு பார்க்கப் போவார். கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட அவ்வளவு துருவமாட்டார்கள். வாசல் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பார்ப்பார். "என் தலை போனா அதோட தலையும் போயிடும்." ஒருமுறை தலை போனது, திரும்பி வரவில்லை. வீட்டுக்காரர் எண்ணெய் தடவி எடுத்துவிட்டார்.

மிளகு என்கிற புள்ளி நாய்க்கு வயதாகிவிட்டது. இரண்டு வீடுகளிலிருந்து திரும்பி வந்தது. மூன்றாவதாகக் கேட்டவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். வலது முட்டி மடங்காது, நாற்காலியே கதி. கொடுத்த நான்காம் நாள் அவருடைய மகள் போன் செய்தார். மிளகு தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லையாம். சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் கூட்டிப்போய்விடுங்கள், இங்கே செத்துப்போனால் அப்பா தாங்கமாட்டார் என்றார். திரும்பி வந்தால் இனி அதைக் கேட்க ஆளில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

வழியெல்லாம் நான் முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். முன்னால் பாதி ஓட்டமாகப் போன பம்பரம், தனக்கும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

டிரைவரின் நாற்காலியருகே கிண்ணம் நிறையச் சோறு காய்ந்திருந்தது. நாய் கட்டிலடியில். பம்பரம் ஒரு பிடி சோற்றை அள்ளிக்கொண்டு, என்னவாயிற்று என்று விசாரித்தபடியே கூடத்தில் நடந்தார். மிளகு வெளியே வந்தது. அவர் பின்னாலேயே சுற்றிச் சுற்றி ஆவலாய்த் தின்றது. மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. டிரைவருக்கு இல்லை.

"ஏம்மா, யாராச்சும் நடந்தாத்தான் இது சாப்பிடுமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க நடக்குறது?"

பம்பரம் நின்றுவிட்டார். கேட்டின் தாழ்ப்பாள், மாடிப்படி எல்லாம் பார்த்தவர், இதைப் பார்க்கவில்லை.

"நான்தாங்கய்யா அதைக் கெடுத்துட்டேன்" என்றார், தாழ்ந்த குரலில்.

கையிலிருந்ததைக் கிண்ணத்தில் போட்டார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

மிளகு வாசற்படியருகே போய் நின்று, எப்போது எழுவார் என்று பார்த்தது. அவர் பாதம் தானாக ஆடியது, கையால் பிடித்து நிறுத்தினார். பையில் போன் அடித்தது. பையை என் பக்கம் தள்ளிவிட்டார். டிரைவர் வாய் திறக்கப் போனார், மகள் அவர் தோளைத் தொட்டார். நான் தினம் சொல்லும் ஜெபம் நான்கு தடவை முடிந்தது.

ஐந்தாவதின் நடுவில் நாய் வந்தது. மோந்தது. ஒரு வாய் எடுத்தது. இன்னொரு வாய்.

பம்பரம் எழவில்லை. ஒற்றை விரலால் கிண்ணத்தை டிரைவர் பக்கம் நகர்த்தினார். நாய் தின்றபடியே கூட நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். மடங்காத காலின் பாதத்தில் கிண்ணம் முட்டியதும் விரலை எடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.