நல்லெண்ணெய்க் கூண்டுகள்

நல்லெண்ணெய் என்று சீட்டு ஒட்டிய தட்டில் தங்கபாய் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் குப்பியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வாட்ச்மேன்தான். அவன் கடந்து போனபின் மறுபடியும் பிசைந்தாள்.

கல்லூரியின் விலங்கு அறையைப் பெருக்கித் தீனி வைப்பது அவள் வேலை. வள்ளியூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரியில் பிடித்து வந்த முள்ளெலிகள் அங்கே இரண்டு வரிசையாக இருந்தன. ஒரு வரிசைக்குத் தேங்காய் எண்ணெய் கலந்த தீனி, மற்றதற்கு நல்லெண்ணெய். அறையைக் குளிர வைத்துத் தீனியைக் குறைத்தால் அவை சுருண்டு உறங்கும். எந்த எண்ணெயைத் தின்றது ஆழமாக உறங்குகிறது என்பதுதான் மாணவி லிபியின் ஆராய்ச்சி. அந்த டிசம்பரோடு முடித்துவிட்டால் தொண்ணூற்றெட்டில் அவளுக்கு டாக்டர் பட்டம்.

நல்லெண்ணெய் வரிசை சீக்கிரமே கல்லாகிவிட்டது. தொட்டால் சில்லென்றது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நெடுநேரம் குனிந்திருக்க வேண்டியிருந்தது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் கண்ணயர்ந்தால் குளிர்ச்சி உள்ளே இறங்கிவிடும் என்று, பாறசாலை வீட்டில் பிள்ளைகளை அடித்து எழுப்புகிறவள் தங்கபாய். இதுகளோ அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க உறங்கின. லிபியிடம் சொல்லலாம். ஆனால் போன வருடம் சுண்டெலிக்குக் கண்ணேறு என்று சொன்னதற்கு அறையே சிரித்தது. அதனால் பேசாமல் எண்ணெயை மாற்றினாள்.

முள்ளெலிகள் அடிக்கடி எழும்பத் தொடங்கின. காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து அவற்றில் ஒன்று செத்தது. லிபி அறுத்துப் பார்த்தாள். தோலுக்கடியில் கொழுப்பே இல்லை.

“பட்டினியா மக்களே? நான் நேரத்துக்குத் தீனி வச்சேனே” என்று லிபியிடம் கேட்டாள் தங்கபாய்.

“பட்டினியில்ல சேச்சி. உறங்கிக் கிடந்தா கொஞ்சம் கொழுப்பு போதும். முழிச்சு உடம்பு சூடாகும்போதுதான் சேத்து வச்சதெல்லாம் எரியுது. இது சும்மா சும்மா முழிச்சிருக்கு. நல்லெண்ணெய் தின்னது நல்லா உறங்கணும். எனக்கு எங்கயோ தப்பு வந்துபோச்சு.”

லிபியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான ஐயப்பன் சார் வாசலில் நின்றபடி சொன்னார்: “தப்பு உன் கையிலதான் லிபி. தங்கபாயைக் கண்டு கத்துக்கோ. லீவு உண்டோ, முணுமுணுப்பு உண்டோ? இவ இல்லாட்டி மிச்சமும் எப்பவோ செத்திருக்கும்.”

தங்கபாய் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். எவ்வளவு கழுவியும் தேங்காய் எண்ணெய் வாசம் போகாததுபோல் இருந்தது. சார் போனதும் கழுவுமிடத்தில் லிபியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“மக்களே, எண்ணெய மாத்துனது நான்.”

லிபி குழாயை மூடினாள். “எப்போ?”

“அதுக எழும்பத் தொடங்குனதுக்கு முந்தியே. குளுந்து கிடந்துது. பாக்கப் பொறுக்கல.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே?”

“சொன்னா சிரிப்பிய.”

லிபி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது தங்கபாய்க்கு.

“அப்ப அது செத்தது என்னாலயா?”

லிபி கையைத் துடைத்தாள். “போய்ச் சோறு தின்னுங்க சேச்சி” என்றாள்.

மறுநாள் தங்கபாய் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கூண்டுகளைக் கழுவினாள். காலையில் லிபி சாரின் அறைக்குப் போய், தீனி கலந்ததில் தவறு நேர்ந்துவிட்டது, இந்த வருடக் கணக்கு உதவாது, அடுத்த குளிர்காலம் மறுபடி தொடங்க வேண்டும் என்று சொன்னாள். யார் கலந்தது என்று சார் கேட்டார். என் பொறுப்புதான் சார் என்றாள். சார் சத்தம் போட்டார். மற்ற மாணவர்கள் வாசலில் கூடினார்கள். தங்கபாய் பக்கத்து அறையில் வாளியோடு நின்றாள். ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள். உள்ளே போகவில்லை. மத்தியானம் லிபி சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள். தங்கபாய் இரண்டு வரிசைக்கும் தீனி வைத்தாள், அறையைப் பூட்டினாள், தம்பானூர் பஸ் நிலையத்தில் பாறசாலை பஸ் ஏறினாள்.