சலீமா அக்கா பார்த்த கோடு

இன்று மதியம் ஆபீஸில் நடந்தது. பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

சிறுநீரக நோயாளிகளின் பல வருட ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்து, சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் அளவின் சராசரிக்கு ஒரு கோடு வரைந்திருந்தேன். அது வருடா வருடம் இறங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பேரணாம்பட்டுப் பக்கம் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் விசாரித்து வரும் சலீமா அக்கா, எழுதிய படிவங்களைக் கொடுக்க வந்தவர், திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், எல்லாருக்கும் கம்மியாயிடுச்சா?"

"ஆமாக்கா."

"ஜாஸ்தி இருந்தவங்க மவுத்தாயிட்டாங்களே மேடம். மீதி இருக்கறவங்களுக்குத்தானே கம்மி?"

அக்கா விசாரித்து எழுதிவந்த இறந்த தேதிகள் தனிக் கோப்பில் கிடந்தன. ஒவ்வொருவருக்கும் அளவு ஏறிய வேகத்தையும் இறந்திருந்தால் அந்த நாளையும் ஒரே கணக்கில் இணைத்து ஓட்டினேன். கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்தது.

கோடு மேலே ஏறியது. பரிசோதனைக்கு வராமல் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து வரிசையில் உட்கார்ந்தது போலிருந்தது.

"இதான் மேடம் நான் வீடு வீடா பாத்தது," என்றார் அக்கா மெதுவாக.

கிளம்பும்போது கேட்டார்: "இந்த வேலைக்கு இன்னா படிக்கணும் மேடம்?"

எம்.எஸ்ஸி. புள்ளியியல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?