வாழைமரத்துக்குப் பின்னால் இருந்த பாதி முகம்

ஓய்வுபெற்ற அரசு ஊழியனை இந்த ஊரில் யாரும் சும்மா இருக்க விடுவதில்லை. கோயில் கமிட்டிக்கு ஒரு செயலாளர் வேண்டும், குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு செயலாளர் வேண்டும், அவர்களில் யாருக்கும் தீர்மானம் எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைத்தான் செய்தேன். கூட்டம் நடப்பதற்கு முன்பே அதில் நடந்ததை எழுதி வைக்கவும் தெரியும். அந்தத் திறமைக்காகத்தான் நினைவு மண்டபக் கமிட்டியில் என்னைச் சேர்த்தார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நாகஸ்வர வித்வான் இருந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாசித்துப் பெற்ற பெயரைவிடப் பாட்டுக் கட்டிப் பெற்ற பெயர்தான் அவருக்குப் பெரிது. அம்மன் மேல் கட்டிய கீர்த்தனைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதே தெரியாது. இந்தக் குறையைப் போக்கப் பட்டுக்கடை முதலாளி ஒருவர் முன்வந்தார். தன் செலவில் மண்டபம் கட்டி, அதற்கு வித்வானின் பெயரை வைத்தார். கமிட்டிக்குத் தலைவரும் அவரே. வருடத்தில் ஒரு நாள் இசைவிழா, மற்ற நாட்களில் கல்யாணத்துக்கு வாடகை. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. நானே எழுதிய விதிகளில் அது இருக்கிறது.

மண்டபத்தில் மாட்ட அவருடைய படம் வேண்டும். தேடியதில் கிடைத்தது ஒரே ஒரு புகைப்படம். யாருடைய கல்யாணத்திலோ பந்தல் வாசலில் எடுத்தது. பத்துப் பேர் நிற்கிறார்கள், ஓரத்தில் அவர். பந்தல் காலில் கட்டிய வாழைமரம் அவர் முகத்தின் ஒரு பாதியை மறைத்திருந்தது. தெரிந்த பாதி தெளிவாக இருந்தது. நீண்ட மூக்கு, தடித்த புருவம், காதில் கடுக்கன்.

இதைப் பெரிய படமாக எழுதும் பொறுப்பை ஓர் ஓவியரிடம் கொடுத்தார் தலைவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பட்டுப்புடவைக்கு டிசைன் போடுபவர். கோபுரம், யானை, அன்னம், மயில் என்று அவர் போட்டவை எத்தனை ஆயிரம் உடம்புகளில் உலவியிருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒரு புடவையிலும் அவர் பெயர் இல்லை. எண்ணெய் வண்ணத்தில் மனித முகங்களும் எழுதுவார், அது அவருடைய சொந்த ஆசைக்கு.

வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அசந்துபோனேன். வாழைமரம் போய்விட்டது. முழு முகம் நேராக என்னைப் பார்த்தது. கோயிலில் வைக்கலாம் போல் இருந்தது.

"மறைஞ்ச பாதி எப்படிக் கிடைச்சுது?" என்றேன்.

"அதுல இன்னா சார் இருக்குது? பார்டருக்குப் போடுற மாதிரிதான். நாங்க என்னைக்கு முழு டிசைன் போட்டிருக்கோம்? பாதி போட்டா போதும், மறுபாதிய தறியே திருப்பிப் போட்டுக்கும். இவரையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி பாதியத் திருப்பி ஒட்டிக்கினேன். அப்புறம் பெயிண்ட் பண்ணேன்."

அன்னத்துக்கும் யானைக்கும் செய்வதை ஒரு மனிதருக்கும் செய்திருந்தார். எனக்கும் அதில் எதுவும் தப்பாகப் படவில்லை. ஒப்புதல் தீர்மானத்தை அன்று மாலையே எழுதிவிட்டேன்.

எங்கும் ஒரு கையெழுத்துக் குறையும். இதில் குறைந்தது குடும்பத்தினரின் சம்மதம். வித்வானுக்கு மிஞ்சியிருந்தது ஒரே மகள். ஆரம்பப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பதைத் தாண்டியவர், திருமணம் செய்துகொள்ளாதவர். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமணக் குடும்பத்தின் வீட்டில் முன்பகுதியை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். ஊரே அவரை டீச்சர் என்றுதான் சொல்லும். ஓவியரும் நானும் படத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து வைக்கச் சொன்னார் டீச்சர். மிக அருகில் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழே பார்த்தார். நெடுநேரம் ஆயிற்று.

"யாருப்பா இவரு?"

ஓவியர் என்னைப் பார்த்தார். நான், "உங்க அப்பா, டீச்சர்" என்றேன்.

"எங்கப்பா மூக்கு இருக்குது. கடுக்கன் இருக்குது. எங்கப்பா இல்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. முகவாதம். நான் மூணாவது படிக்கும்போது. கண்ணு மூடாது, உதடு சேராது. சீவாளிய வாயில வெச்சா காத்து மொத்தமும் ஓரமா போயிடும். அதோட நாகஸ்வரத்த உறையில போட்டு மூடிட்டாரு. பாட்டுக் கட்ட ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். நீ வரைஞ்சிருக்கிற இந்த மனுஷன் ஒரு பாட்டும் கட்டலப்பா. இவரு கல்யாணத்துக்கு வாசிச்சுட்டு வெத்தல பாக்கு வாங்கிக்கினு போனவரு."

வித்வானின் கீர்த்தனைகளில் அடியின் நடுவே ஓர் இடைவெளி வரும். தாளம் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு நிற்கும், பிறகு எடுக்கும். எங்கள் கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். மௌனத்தின் அழகியல் என்பார். அதைச் சொன்னேன்.

டீச்சர் சிரித்தார். "துண்டால வாயத் துடைச்சுக்கிற நேரம்பா அது. எச்சில் வழியும். சொல்லிக் குடுக்கும்போது நிறுத்தித் துடைச்சுக்குவாரு. கத்துக்கினவங்க அதையும் சேத்துக் கத்துக்கினாங்க. பேராசிரியர் சொல்றதும் இருக்கட்டும், அழகாத்தான் இருக்குது."

ஓவியர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாகக் கேட்டார். "டீச்சர், அந்தப் போட்டோல அவரு வாழைமரத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு இருக்காரு. வேணும்னே நின்னாரா, இல்ல தற்செயலா?"

"வேணும்னேதான். போட்டோக்காரன் வந்தாலே ஒரு தூணு, ஒரு ஆளு, எதாவது தேடிக்குவாரு."

"அப்ப அவரே மறைச்சத நான் எதுக்கு டீச்சர் காட்டணும்?"

"ஊர்க்காரங்களுக்கு மறைச்சாரு" என்றார் டீச்சர். "நான்தான் அவருக்குச் சோறு ஊட்டுனவ. பக்கத்துல பாத்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. இப்ப நான் ஒருத்திதான். எனக்குக் கண்ணுல பிரஷர். பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கினே வருது. போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருக்கிறப்பவே ஒரு தடவ அவர அவரா பாத்துடணும்னு பாக்கறேன். நான் போயிட்டா, நீ மாட்டுறதுதான் எங்கப்பா."

திரும்பி வந்து நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். குடும்பத்தினர் ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் பொருளை ஆராயத் துணைக்குழு அமைக்கலாம் என்று குறிப்பு வைத்தேன். ஒரு முடிவைத் தடுக்க வேண்டுமானால் அதைவிட மென்மையான ஆயுதம் அரசாங்கத்தில் கிடையாது. துணைக்குழு இரண்டு முறை கூடவில்லை. ஒருமுறை கூடி, தேநீர் குடித்தது. படம் மாட்டப்படாமல் நின்றது. என் சாமர்த்தியத்தை டீச்சரிடம் போனில் சொன்னேன்.

"உன் துணைக்குழு கூடுறதுக்குள்ள எனக்கு முழுசா இருட்டிடும்பா, செயலாளரே" என்றார். "நீ யாருக்காக நாள் கடத்துற?"

மறுநாள் காலை ஓவியர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் சொல்கிறபடி இன்னொரு படம் வரைய வேண்டும், கமிட்டி அனுமதி இல்லை, செலவுக்கு ஒதுக்கீடு இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை என்றேன். அவர் பென்சில்களைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப சீக்கிரம் வாங்க சார்" என்றார்.

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கன்னத்தை ஒரு விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அதே மூக்கு, அதே புருவம். ஓவியர் எதிரில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தார். முதல் தாளில் வாய் நேராகவே வந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான்.

"கை ஒத்துக்க மாட்டேங்குது" என்றார் ஓவியர். அவருக்கு வியர்த்திருந்தது. "இந்தப் பக்கம் இறக்கினா, தானா அந்தப் பக்கமும் இறக்கிடறேன். இத்தினி வருசமா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும்னே போட்டுக்கினு வந்துட்டேன்."

"காகிதத்த மடி" என்றார் டீச்சர், பள்ளிக்கூடக் குரலில். "ஒரு பக்கத்த வரைஞ்சு மூடு. மறுபக்கத்த தனியா வரை. அது வேற ஆளுன்னு நெனச்சுக்கோ."

அப்படியே செய்தார். பிரித்துப் பார்த்தபோது முதல்முறையாக ஒரு கோணல் முகம் வந்திருந்தது. டீச்சர் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"வலிக்கிற மாதிரி போட்டுட்ட. அவருக்கு வலிக்கலப்பா, எரிச்சல்தான். சிரிச்சா ஒரு பக்கந்தான் சிரிக்கும். மறுபக்கம் யாரையோ கோவிச்சுக்கினு இருக்கும்."

மதியம் வரை இது நடந்தது. புருவம் ஏற்றப்பட்டது, இறக்கப்பட்டது. மூடாத கண்ணில் ஈரம் வந்தது. நடுவில் வீட்டுக்கார அம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தார். தாளை எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், யாரு இவரு?" என்று கேட்டார். "பாவமெல்லாம் இல்ல, பெரிய கோவக்காரரு" என்றார் டீச்சர்.

கடைசித் தாளைக் கையில் வாங்கினார். அவருடைய பார்வை அப்போது ஒரு சாவித் துவாரம் அளவுக்குத்தான் இருந்திருக்க வேண்டும். தாளைக் கண்முன் மெல்ல நகர்த்தினார். முதலில் நெற்றி, பிறகு ஒரு கண், பிறகு மற்றது, பிறகு நெடுநேரம் வாய். முகம் முழுவதையும் ஒரே தடவையில் பார்க்க அவரால் முடியவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

"எங்கப்பாதான்" என்றார். "சட்டைதான் கொஞ்சம் புதுசா இருக்குது."

இனி கமிட்டி. இரண்டு படங்களையும் மேஜைமேல் வைத்தேன். தலைவர் பென்சில் படத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இன்னா சார் இது! வாய் கோணிக்கினு இருக்கிறவர மண்டபத்துல மாட்டினா, கல்யாணத்துக்கு எவன் சார் மண்டபம் எடுப்பான்? பொண்ணு மாப்பிள்ள இவரு முன்னாடிதான் நின்னு போட்டோ எடுத்துக்கணும். முதல் படத்தப் போட்டு அழைப்பிதழ் வேற அடிச்சாச்சு, பேனர் வெச்சாச்சு."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட பிம்பத்தைக் கலைப்பது சரியல்ல என்றார். பேனர் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பென்சில் படத்தை வண்ணத்தில் எழுதித் தரக் கூலி வேண்டாம் என்றார் ஓவியர். "நீங்களே சொல்லுங்க," என்றார் தலைவர், "ரெண்டும் நீங்க வரைஞ்சதுதான். எது அவரு?"

வேறு யாராயிருந்தாலும் பொய் சொல்லியிருப்பார்கள். இவர் நேர்மையாக யோசித்தார். "ரெண்டும் அவருதான் சார். ஒண்ணு அவரு ஊருக்குக் காட்டினது. இன்னொண்ணு அவரு மறைச்சது."

"அப்ப காட்டினதையே மாட்டிடுவோம். அவரு இஷ்டம் அதுதான்" என்றார் தலைவர். கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை. செயலாளருக்கு வாக்கு கிடையாது. அந்த விதியையும் நான்தான் எழுதியிருந்தேன்.

அன்று மாலையே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாட்டு வாசிப்பாங்க இல்ல? அதுக்கு வரேன்" என்றார். பென்சில் படத்தைச் சட்டம் போட்டு அவர் அறையில் மாட்டியிருந்தார் ஓவியர்.

விழா நாளில் நான்தான் அவரை அழைத்துவந்தேன். அதற்குள் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. வெளிச்சம் எங்கே என்று மட்டும் தெரிகிறது என்றார். முன்வரிசையில் உட்கார வைத்தேன். படத்துக்கு மாலைபோட அவரைக் கூப்பிட வேண்டாம் என்று தலைவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். ஒரு மகள் மாலை போடும் காட்சியை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. மைக்கில் அறிவித்துவிட்டார்.

டீச்சர் மறுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார். பெரிய சம்பங்கி மாலையை அவர் கையில் கொடுத்தார்கள். படம் விளக்குகளுக்கு நடுவே பளபளவென்று இருந்தது. இரு பக்கமும் ஒரே புருவம், ஒரே கன்னம், ஒரே சாந்தம். கேமராக்காரர்கள் முன்னால் வந்தார்கள்.

"அந்த டிசைன்காரரு எங்க இருக்காரு?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

சால்வை வாங்குவதற்காக ஓவியர் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன். வந்தார். மாலையை அவர் கைகளில் வைத்தார் டீச்சர். மைக் தூரத்தில் இருந்தது. நாங்கள் மூன்று பேர்தான் அதைக் கேட்டோம்.

"இவரப் பெத்தவன் நீ. நீயே போடு."

"டீச்சர், நான்..."

"கோவத்துல சொல்லலப்பா. எனக்கு இவரத் தெரியாது. தெரியாதவருக்கு நான் எப்படிப் போடுறது?"

ஓவியர் மாலையோடு நின்றார். தலைவர் பின்னாலிருந்து, "போடுங்க, போடுங்க" என்று கையைக் காட்டினார். அவர் போட்டார். மாலை ஒரு பக்கம் இறங்கி நின்றது. சரிசெய்யக் கையைத் தூக்கிவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்.

கூட்டம் பலமாகக் கைதட்டியது. தந்தைக்குச் சேர வேண்டிய மரியாதையை ஒரு கலைஞருக்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மை என்று தலைவர் மைக்கில் உருகினார். நான் டீச்சரைப் படிகளில் ஒவ்வொன்றாக இறக்கினேன். நாகஸ்வரக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"பாட்டு முடிஞ்ச உடனே ஆட்டோ கூப்பிடுப்பா. சாப்பாட்டுக்கு நிக்க வேணாம்."