கதவு தட்டும் காட்சி

கேபிள் வந்த புதிதில், மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் பண்டிகைதோறும் மதியம் ஒரு பேய்க்கதை ஓடும். எந்தப் பண்டிகையானாலும் செத்தவர் ஒருவர் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

கீழிருந்து மாற்றலாகி வந்த கிளார்க் ஒருவர் தவறாமல் பார்ப்பார். ஒல்லி உடம்பு. லீவு நாளிலும் சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகியிருப்பார். கதவு தட்டும் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். முடிந்தபின் எட்டிப் பார்த்து, பெஞ்சில் இருக்கும் என்னிடம், "உள்ள உட்டாங்களாங்க?" என்பார்.

"இல்லீங்க, மந்திரவாதி தொரத்திட்டான்" என்பேன். எப்போதும் அதுதான் முடிவு.

"பேய்னா அவ்வளவு பயமாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேயில்லீங்க. கதவைத் தொறக்கறவங்க மூஞ்சியத்தான் பாக்க முடியறதில்லை."

ஒரு தீபாவளிக்கு ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ஊருக்கு இறங்கிவிட, அவர் மட்டும் டீக்கடையில் இருந்தார். கதை முடிந்ததும் அதே கேள்வி. "உட்டுட்டாங்க" என்று சும்மா சொல்லிவைத்தேன். அவர் அரைக்கிலோ லட்டு வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு நாமக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பொங்கலன்று டீக்கடைக்கு வந்தார். கதவு தட்டியதும் வழக்கம்போல வெளியே போனார். கதை முடிந்து உள்ளே வந்தவர் எதுவும் கேட்கவில்லை. அவரை வீட்டில் உள்ளே விட்டார்களா என்று நானும் கேட்கவில்லை.