கடதாசித் தம்பி

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் வேலை கிடையாது. மரம் நனைந்திருக்கும்போது பால் வெட்டினால் பட்டை அழுகிவிடும், வடிகிற பாலும் சிரட்டையில் தங்காமல் மழைத் தண்ணீரோடு ஓடிவிடும். ஆகவே வைகாசி மழை பிடித்துக்கொண்டால் ருவான்வெல்லைக்கு மேலே இருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். பெரியவர்களுக்கு அது அடுப்புக் கவலை. எங்களுக்கோ திருவிழா. பிள்ளைகள் அந்த வகையில் நன்றி கெட்ட பிறவிகள்தான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு.

அந்த வருஷம் மழையோடு மாமாவும் வந்து சேர்ந்தார். அம்மாவுக்குத் தம்பி, கொழும்பில் கலியாணக் கார்டு அடிக்கும் அச்சகத்தில் வேலை. லயத்து வாசலில் வெசாக் பண்டிகைக்குப் பெரிய விளக்குக் கூடு ஒன்று கட்டித் தொங்கவிடப் போவதாகச் சொல்லி ஒரு கட்டு நிறநிறமான மெல்லிய டிசுத் தாளும், பிழையாக அச்சடித்து ஒதுக்கிய கார்டு மட்டைகளும் கொண்டுவந்திருந்தார். கூட்டை எங்கே தொங்கவிடுவது? வெளியில் தலை நீட்ட முடியாத மழை. மூன்றாம் நாள் பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் நின்றது. மாமாவால் திரும்பிப் போக முடியவில்லை, கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த அப்பாவால் வர முடியவில்லை.

“சும்மா ஒக்காந்து மழையப் பாத்து என்ன செய்ய? வாங்க, கடதாசியில ஒரு லயம் கட்டுவோம்” என்றார் மாமா.

அப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் லயத்தில் எட்டுக் காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதைத்தான் காம்பரா என்போம். எட்டுக் கார்டுகளை எங்கள் சுவரில் வரிசையாக ஒட்டினோம். கார்டைத் திறந்தால் கதவு திறந்த மாதிரி. உள்ளே அந்தக் காம்பராவில் இருக்கிற ஆட்கள், மட்டையில் வெட்டி டிசுத் தாளில் உடுப்புப் போட்ட பொம்மைகளாக. பசைக்கு மாமா கொல்லைப்புறத்து மரத்தை ஒரு கீறு கீறி அரைச் சிரட்டை ரப்பர் பால் எடுத்துவந்தார். நனைந்த மரத்தில் கத்தி வைத்ததற்காக அம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

வீடு கட்டுவது மாமா, ஆள் செய்வது நான். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு அந்தக் கை இருந்தது. பக்கத்துக் காம்பரா அக்காவின் கோணல் வகிடு, கங்காணியின் தொப்பை, எதையும் விடமாட்டேன். லயத்துச் சனம் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, தங்கள் கதவைத் திறந்து தங்களையே பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனது. தம்பிக்கு மட்டும் சிவப்பு டிசுத் தாளில் சட்டை போட்டேன். அவன் சிவப்புச் சட்டையைக் கழற்றவே மாட்டான். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தேன்.

கடைசிக் காம்பராவில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை. அவருக்கு யாருமே சொந்தமில்லை. காலையில் எங்கள் வாசலில் நின்று, “கூட்டாளி, போவமா?” என்பார். தம்பி உடனே கையை நீட்டிக்கொண்டு ஓடுவான். இருவரும் கைபிடித்துக் கடைக்குப் போய் ஆளுக்கொரு பணிஸ் தின்றுவிட்டு வருவார்கள். மழையிலும் அது நிற்கவில்லை. அவர் ஒருநாள் தன் கார்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“என்ன புள்ள, என் காம்பராவுல நான் மட்டும் நிக்கிறேன். தொணைக்கு ஒரு ஆளு வையேன்.”

“யார வைக்க? ஒங்களுக்குத்தான் யாரும் இல்லையே” என்றேன். ஒன்பது வயது வாய்க்கு இங்கிதம் எங்கிருந்து வரும்?

“கூட்டாளிய அனுப்பு” என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை தம்பி, நான் செய்து வைத்திருந்த ஏழு கடதாசித் தவளைகளையும் மிதித்துத் தட்டையாக்கினான். நான் அவனைக் கிள்ளினேன். அம்மா என்னை அடித்தாள். இவன் எங்காவது தொலைந்து போகட்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தாத்தா வரவில்லை. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு மாமாதான் தள்ளித் திறந்தார். படுத்தபடியே போயிருந்தார், பாயில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பாதை மூடியிருந்ததால் பஸாரிலிருந்து பெட்டி கொண்டுவர வழியில்லை. ரப்பர் பலகையில் லயத்து ஆட்களே ஒன்று அடித்தார்கள். மழை விட்ட நேரத்தில், அன்றைக்கே அடக்கம் என்று முடிவானது. அப்போதுதான் பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சனிப் பிணம் தனிப் போகாது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரு துணையைக் கூட்டிக்கொண்டுதான் போகும். அது ஆளாக இருக்கக் கூடாதென்றால் பெட்டியோடு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

லயத்தில் அப்போது எங்கள் வீட்டில் மட்டும்தான் குஞ்சு இருந்தது. இருந்த மூன்றில் அம்மா கையில் அகப்பட்டது என்னுடைய புள்ளிக் குஞ்சு. சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டி நான் பிழைக்க வைத்தது. அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டாள். அதன் காலில் நூலைக் கட்டிப் பெட்டியின் மூலையில் முடிந்தார்கள். அது என்னைப் பார்த்துக் கீச்சுக்கீச்சென்று கத்தியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

தாத்தாவுக்கு வேண்டியது துணைதானே? அவரே கேட்ட துணைதானே? வீட்டுக்கு ஓடி, சுவரிலிருந்து சிவப்புச் சட்டைப் பொம்மையை உரித்தெடுத்தேன். ரப்பர் பால் லேசில் விடவில்லை, இழுக்க இழுக்க நீண்டது. பெண்கள் தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது கால்மாட்டு வழியாகப் போய், பொம்மையைத் தாத்தாவின் கைக்கு அடியில் செருகினேன். குளிப்பாட்டிய ஈரம் அந்தக் கையில் இன்னும் இருந்தது. அப்படியே குனிந்து குஞ்சின் கால் முடிச்சையும் தளர்த்திவிட்டேன். தம்பி மேல் கோபம் இருந்ததால்தான் அவனைத் தேர்ந்தேனா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், அதுவும் கொஞ்சம் இருந்தது.

பெட்டியை மூடுகிற நேரத்தில் ஒரு பெண் கேட்டாள். “கையில என்னங்க செவப்பா இருக்கு?”

தாத்தாவின் விரல்களுக்கு இடையில் சிவப்பு ஊறி வழிந்திருந்தது.

“டிசுத்தாள் சாயம். எங்க வீட்டுல எதையாச்சும் தொட்டிருப்பாரு, மூடுங்க” என்றார் மாமா. மழை தூறத் தொடங்கியிருந்தது. மூடிவிட்டார்கள்.

மலையில் குழிக்குள் இறக்கும்போது பார்த்தால் மூலையில் நூல் மட்டும்தான் கிடந்ததாம். தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, மழை கொட்டியது, மண்ணைத் தள்ளிவிட்டு வந்துவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரம் என் புள்ளிக் குஞ்சு நனைந்து நடுங்கிக்கொண்டு எங்கள் படியில் ஏறியது. நான் துள்ளிக் குதிக்காத குறை. அம்மா அதற்கு இரை போடவில்லை. அடுப்படியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தம்பிக்குக் காய்ச்சல். மழைக்காலத்துக் காய்ச்சல்தான் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். செவ்வாய் முற்பகலில் உடம்பு கொதித்தது. அன்றைக்கு மழை சட்டென்று நின்றுபோனது. பத்து நாளாகக் கூரையில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் இல்லாமல் போனதும் காதுக்குள் என்னவோ அடைத்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் தம்பி எழுந்தான். கால் மாறிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான்.

“எங்கடா போற?” என்று அம்மா கேட்டாள்.

“கூட்டாளி போவமான்னு கேக்குறாரு.”

வாசலில் யாரும் இல்லை. தம்பி வலது கையை மேலே தூக்கியிருந்தான். ஒரு பெரிய ஆள் பிடித்துக்கொள்கிற உயரத்தில், விரல்களை மூடி, பிடி கொடுத்த மாதிரியே தூக்கியிருந்தான். அப்படியே ஒரு படி இறங்கினான். அம்மா பாய்ந்து அவனை வாரி எடுத்தபோது அந்தக் கை உடனே கீழே வரவில்லை. அம்மாதான் பிடித்து இழுத்து மடக்கினாள்.

அவனைப் பாயில் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்தாள். எங்கள் கார்டு திறந்து கிடந்தது.

“தம்பி பொம்ம எங்க?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. குஞ்சு, முடிச்சு, தாத்தாவின் கை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோலை உரிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அடிக்காத அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

மாமாவைக் கூப்பிட்டு, எங்கிருந்தாவது ஒரு த்ரீவீல் பிடித்துவா, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அனுப்பினாள். அவர் போன பிறகு சுவரிலிருந்த தன் பொம்மையைப் பிய்த்து என் மடியில் போட்டாள்.

“இது நான் மாதிரி இல்ல புள்ள. திருத்து.”

“எப்புடிம்மா?”

“நல்லாப் பாத்து செய். பாத்த ஒடனே இவதான்னு தெரியணும்.”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாமா விளையாட்டுக்குத்தான் என் கைவேலையைப் புகழ்வார். அம்மா இப்போது உண்மையாகவே கேட்கிறாள். தாடை மச்சத்தை வைத்தேன். கத்தி பட்டு நுனி போன இடது சுட்டுவிரலைக் கத்தரித்துக் குறைத்தேன். அம்மா தன் சேலை முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தாள். தலையிலிருந்து நாலு முடியைப் பிடுங்கித் தந்தாள், கறுப்பு நூல் வேண்டாமாம். ஒட்டி முடித்து நீட்டினேன். கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“சரியா இருக்கு” என்றாள். அவ்வளவு நல்ல பாராட்டு எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

சுள்ளி பொறுக்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். பொம்மையையும் இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஈர மலையில் ஏது சுள்ளி? அரை மணி நேரத்தில் வெறுங்கையோடு வந்தாள். முழங்கை வரைக்கும் செம்மண். கழுவி முடிக்கும்போது மாமா த்ரீவீலோடு வந்துவிட்டார். மண்சரிந்த இடம் வரை அதில், அப்புறம் தம்பியைத் தோளில் போட்டுச் சேற்றைக் கடந்து அந்தப் பக்கம் வேறொன்றில் என்று போய்ச் சேர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வியாழன் காலையில் காய்ச்சல் விட்டதும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தம்பி முதல் வேலையாக நான் புதிதாகச் செய்திருந்த ஒரு தவளையை மிதித்தான். வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் வருவதற்குள் நான் நீலச் சட்டையில் புதிய தம்பி ஒருவனைச் செய்து ஒட்டியிருந்தேன். அடுத்து அம்மாவை வெட்டத் தொடங்கினேன். அம்மா வந்து என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள்.

“என்னைய செய்யாத.”

“ஏன், அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்கதானே?”

“ரெண்டு வேணாம். எது நான்னு கொழப்பம் வந்துரும்.”

பாதி வெட்டிய மட்டையை அடுப்பில் போட்டாள். என் கண் முன்னாலேயே போட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேண்டுமென்றால் திருத்தச் சொல்வாள், வேண்டாமென்றால் கொளுத்துவாள், நான் என்ன இவளுக்கு வேலைக்காரியா? அம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். எனக்கு வைராக்கியம் அதிகம், இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த வியாழனும் வெள்ளியும் அம்மா என்னை விடாமல் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று காட்டினாள். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் எந்தத் தகரப் பெட்டியில் இருக்கின்றன என்று திறந்து காட்டினாள். தம்பிக்கு எந்தப் பக்கம் படுக்கவைத்தால் இருமல் வராது என்று சொன்னாள். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறிப் போய் அப்பாவோடு வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். என் தலையை இரண்டு நாளும் தானே வாரிப் பின்னினாள், வழக்கத்தைவிட மெதுவாக. நான் கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் “ம்” மட்டும்தான்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. லயமே பால் வெட்டப் போனது, அம்மா போகவில்லை. குளித்து, துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை தம்பியை மடியில் வைத்தபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அம்மா இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். கேட்டால், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், காய்ச்சல் விட்டது, அவ்வளவுதான் என்பாள். இருக்கலாம், நான் வாதாடப் போவதில்லை. ஆனால் என் மகளுக்கு முதல்முறையாகக் காய்ச்சல் வந்த அன்று, அம்மா அந்தச் சனிக்கிழமை வாசலில் யாருக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்கு விளங்கியது. தம்பியை விட்டுவிட்டுத் தன்னைக் கூட்டிப்போகச் சொல்லி, தாத்தாவின் குழிமேட்டில் அந்தப் பொம்மையை அடையாளமாகப் புதைத்துவிட்டு, இந்த உலகத்தில் தனக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு என் தலையை வாரினாள். அந்த இரண்டு நாளும் நான் அவளோடு பேசவில்லை.