முதல் ஒன்பதும் தண்ணீர்த் தாங்கியும்

எங்கள் பரம்பரையிலேயே விருது வாங்கிய ஒரே ஆள் பெரியப்பாவின் மகன்தான். ஆனால் அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. விருது படித்ததற்குக் கிடைத்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். அது டிரம்ஸ் அடித்ததற்குக் கிடைத்தது.

பெரியப்பா குடும்பம் மெல்பேர்ணில். நாங்கள் கனடாவின் ஸ்காபரோவில், ஒரு மாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில். மெல்பேர்ணில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அண்ணா, படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு, மூன்று வெள்ளைக்காரப் பெடியன்களோடு சேர்ந்து ஒரு ரொக் குழு தொடங்கினார். குழுவின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால், கூரைக்கு மேலே வைக்கிற 'தண்ணீர்த் தாங்கி'. குழு தொடங்கியதைக்கூடப் பெரியப்பா ஒருவாறு பொறுத்துக்கொண்டார், அந்தப் பெயரைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தாங்கள் வாசிப்பது மாற்று ரொக் என்று அண்ணா எங்களுக்கு எழுதியிருந்தார். ரொறன்ரோவில் மாற்றுப் பள்ளிக்கூடம் என்று ஒன்று உண்டு. வழக்கமான பள்ளிக்கூடத்தில் சரிவராத பிள்ளைகள் போகிற இடம் அது என்பது அப்பாவின் எண்ணம். இதையும் அவர் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

முதல் விருதை மெல்பேர்ணில் இலவசமாகக் கொடுக்கும் ஒரு பத்திரிகை கொடுத்தது. அந்த வருடத்தின் சிறந்த புதிய குழுவாம். அண்ணா படம் அனுப்பியிருந்தார். நசுங்கிய பியர் தகரம் ஒன்றுக்குத் தங்கப் பூச்சு அடித்து, மரக்கட்டையில் நிறுத்தியிருந்தார்கள். குடித்துப்போட்டு எறிந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்களே என்று அம்மா கவலைப்பட்டா. பெரியப்பா கேட்டது ஒரே கேள்விதானாம்: மொத்தம் எத்தனை குழுக்கள் சோதனைக்குத் தோற்றினவை? பெரியப்பாவுக்கு உலகம் முழுக்க ஒரு வகுப்பறை. எதற்கும் ஒரு முதலாம் பிள்ளையும் ஒரு கடைசிப் பிள்ளையும் இருந்தாக வேண்டும்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த தை மாதத்துக் கதை. வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் தங்கச்சி, என்னுடைய மாமி, பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தா. அவவுடைய தொலைபேசி வேலை செய்யாமல் போய்ச் சில கிழமைகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அப்பாவும் பெரியப்பாவும் ஞாயிறு தவறாமல் பேசுவார்கள், மாமியைப் பற்றி ஒரு சொல்லும் வராது. இரண்டு பேரும் அண்ணாவைத் திட்டித்தான் பொழுதைப் போக்கினார்கள்.

அந்த நாட்களில் எங்கள் கட்டடத்துத் தமிழருக்கெல்லாம் ஒரு தொலைபேசிச் சங்கிலி இருந்தது. அப்பா ஒரு சில வீடுகளுக்கு அடிப்பார், அவர்கள் வேறு சில வீடுகளுக்கு அடிப்பார்கள், அப்படியே போய் மார்க்கம், பிக்கரிங் வரை சேதி போய்விடும். சண்டையை நிறுத்தச் சொல்லி இன்றைக்கு இந்த அமைச்சருக்கு மின்னஞ்சல், நாளைக்கு அந்த மனுவுக்குக் கையெழுத்து. எல்லோரும் ஒரே வசனத்தை ஒரே மாதிரி அனுப்ப வேண்டும் என்பதில் அப்பா மகா கண்டிப்பு. ஆளுக்கு ஆள் மாற்றி எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்பார். எழுதி அனுப்புவது வீட்டுக்கு வீடு பிள்ளைகள்தான். எங்கள் வீட்டில் நான். அமைச்சர்மாரிடமிருந்து ஒரு வரிப் பதிலும் வந்ததில்லை. 'மாண்புமிகு ஐயா' என்று எழுதி எழுதி, கடைசியில் என் வகுப்பு ஆசிரியைக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவ ஒரு கிழமை என்னைக் கண்ட இடமெல்லாம் தலை வணங்கினா.

அப்படியிருக்க ஒரு நாள் அண்ணா எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அழாத குறை. அங்கே ஒரு சின்ன வானொலி நிலையம், வருடா வருடம் நேயர்களிடம் வாக்குக் கேட்டு அந்த வருடத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்துமாம். தண்ணீர்த் தாங்கியின் பாட்டும் பட்டியலில் இருக்கிறதாம். பெரியப்பா கடைசியாக ஒரு தவணை கொடுத்திருக்கிறார்: பத்துக்குள் வந்தால் டிரம்ஸ், வராவிட்டால் மாசியில் திரும்பப் பொறியியல். டிரம்ஸை விற்பதற்குப் பெரியப்பா ஆளும் பார்த்துவிட்டார்.

"சித்தப்பா, எங்களுக்கு வோட் போட அங்க ஆராவது இருப்பினமோ?" என்று அண்ணா கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு சங்கிலி இலக்கங்கள் ஒட்டியிருந்த குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க சனம் சாகுது. நீங்கள் பாட்டுக்கு வோட் கேக்கப் போறியளோ?"

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அடுத்த நாள் காலையில், சும்மா எப்படியிருக்கிறதென்று பார்ப்போம் என்று சொல்லி, என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினார்.

அந்த வாக்குச் சீட்டு வில்லங்கமானது. அண்ணாவின் பாட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு எழும்ப முடியாது. பத்துப் பாட்டுகளைத் தெரிவு செய்தால்தான் அது போகும். குழுக்களின் பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசைப்படி நீளத்துக்குக் கிடந்தன. எங்களுக்கு அவுஸ்திரேலியாவில் தெரிந்த ஒரே பாட்டுக்காரர் அண்ணா. மற்ற ஒன்பதும் விருப்பம்போலப் போடலாம் என்று அண்ணா சொல்லியிருந்தார். விருப்பம்போல என்ற கதையே அப்பாவுக்குப் பிடிக்காது. சங்கிலி குழம்பிவிடும். கொஞ்சம் யோசித்துவிட்டு உத்தரவு போட்டார்.

"மேல இருக்கிற முதல் ஒன்பதையும் அமத்து. பிறகு கீழ போய் அண்ணான்ரய அமத்து. எல்லாருக்கும் இப்பிடியே சொல்லுவம்."

அமத்தினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. அப்பா என்னவென்று கேட்டார். வாசித்துத் தமிழில் சொன்னேன்: அவருடைய பெயரைப் போட்டு, உங்கள் வாக்குக் கிடைத்தது, அது எண்ணப்படும், நேரம் ஒதுக்கி எங்களுக்கு எழுதியதற்கு நன்றி என்று இருந்தது.

"எனக்கோ எழுதியிருக்கினம்?"

"ஓம், உங்கட பேர் கிடக்கு."

"பிள்ளை, இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். அம்மாவைக் குசினியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். அது கணினி தானாக அனுப்புகிற பதில், எல்லோருக்கும் இதேதான் வரும் என்று நான் விளக்கினேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. அன்று பின்னேரத்துக்கு முன்பே சங்கிலி ஓடத் தொடங்கிவிட்டது.

ஒன்பதாம் மாடி அன்ரிதான் சங்கிலியில் அடுத்த ஆள். மனு என்றால் வீடு வீடாய்ப் போய்க் கதவைத் தட்டுகிற மனுசி. பாட்டு எங்கள் பிரச்சினையைப் பற்றியதுதானே என்று அவ கேட்டா. அப்பா கொஞ்சம் இருமிவிட்டு, ஓம், கிட்டத்தட்ட என்றார். உண்மையில் அது சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத ஒரு பெட்டையைப் பற்றிய பாட்டு. ஆனால் அதற்குப் பிறகு அதை ஒருவரும் விசாரிக்கவில்லை. அன்ரி வீட்டுக்கும் பதில் வந்துவிட்டது. யூனியன்விலில் அன்ரியின் தம்பி வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, உங்களுக்கும் வந்ததோ என்று சனம் மாறி மாறி அடித்துக் கேட்டது. பதில் வராதவர்கள் எழுத்துப் பிழை விட்டோமோ என்று பயந்து மறுபடியும் அனுப்பினார்கள். மின்னஞ்சல் இல்லாதவர்கள் அதற்காகவே ஒன்று திறந்தார்கள். எந்த மனுவுக்கும் சங்கிலி அப்படி ஓடியதை நான் காணவில்லை. சிரிப்புத்தான் வந்தது எனக்கு.

முடிவு அறிவிக்கும் நாள் அங்கே சனிக்கிழமை காலை, இங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளியே பனி கொட்டியது. அப்பா வேலைக்கு லீவு போட்டார். அம்மா, கோபமெல்லாம் அப்படியே இருக்க, வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி ரோல்ஸ் செய்தா. பாதிக் கட்டடம் எங்கள் வரவேற்பறையில். சப்பாத்துகள் வாசலில் குவிந்து கதவைச் சாத்த முடியவில்லை. செய்திக்குக் காது கொடுப்பதுபோலப் பெரியவர்களெல்லாம் குனிந்த தலையோடு கணினியில் மாற்று ரொக் கேட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அண்ணா இல்லை என்று நான் தலையாட்டுவேன்.

நாற்பதிலிருந்து கீழிறங்கி வந்தார்கள். இருபதிலும் அண்ணா இல்லை. பதினைந்தில் இல்லை. பதினொன்று வரைக்கும் இல்லை. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. பெடியன் இனிப் பொறியியல்தான் என்று அம்மா கரண்டியோடு வந்து நின்று சொன்னா, ஆனால் ரோல்ஸ் கருகுவதை அவ கவனிக்கவில்லை.

பத்தாவது, தண்ணீர்த் தாங்கி.

ஐயோ, அந்தச் சத்தம்! கீழ் வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தார். ஒன்பதாம் மாடி அன்ரி அம்மாவைக் கட்டிப்பிடித்தா. அம்மாவும் கட்டிப்பிடித்தா. அப்பா எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், எல்லோருக்கும் கை கொடுத்தார்.

வானொலி தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது பெயரை அறிவித்தபோது அன்ரி நிமிர்ந்தா. "உது நாங்கள் அமத்தினதெல்லோ?" எட்டாவதும் அமத்தியதுதான். ஏழாவதும். ஆறுக்கு வந்தபோதுதான் அப்பாவுக்கு விளங்கியது. அவருடைய கண்டிப்பான சங்கிலி அண்ணாவுக்கு எத்தனை வாக்குப் போட்டதோ, அத்தனையையும் அந்த முதல் ஒன்பதுக்கும் பிசகாமல் போட்டிருக்கிறது. அண்ணாவை எங்கள் ஆட்கள் தூக்கிவிட்டார்கள், அவருக்கு மேலே இன்னும் ஒன்பது பேரையும் தூக்கி வைத்துவிட்டார்கள். இப்படியொரு வருடத்தைத் தான் கண்டதில்லை என்று அறிவிப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலாவதாக வந்தது மரம் அரிகிற கைவாளை வில்லால் இழுத்து வாசிக்கும் ஒரு கிழவர். அவரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். இந்தப் பாட்டைத் தன் மனைவியைத் தவிர ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை என்று சொல்லி, மனிதர் வானொலியிலேயே தேம்பித் தேம்பி அழுதார். நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது எங்கள் வரவேற்பறையிலும் இரண்டு பேர் அழுதார்கள்.

உடனே பெரியப்பா தொலைபேசி அடித்தார். பத்தாம் பிள்ளை என்று சொன்னபோது அவருடைய குரல் கொஞ்சம் உடைந்ததாக அப்பா பிறகு சொன்னார். முதலாம் பிள்ளை யார் என்றும் கேட்டாராம். அப்பா வாள்காரக் கிழவரைப் பற்றிச் சொல்லவில்லை. பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டிரம்ஸ் வீட்டில் தங்கியது.

அதற்குப் பிறகு சங்கிலி பழைய வேலைக்குத் திரும்பியது. மின்னஞ்சல், மனு, மறுபடியும் மின்னஞ்சல். நகரத்து நடுவில் கைகோத்து நின்றோம், என் சப்பாத்துக்குள் பனி போனது. சித்திரை முடிந்தது. வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார், பிறகு கன நாள் அதைப் போடவில்லை. தொலைபேசி அடித்தால் அம்மாதான் எடுப்பா. மாமியைப் பற்றிச் சேதி எதுவும் வரவில்லை.

அப்படி ஒரு பின்னேரம் நான் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கதிரைக்குப் பின்னால் நின்றார். நான் விளையாட்டை மூடப் பார்த்தேன், அவர் ஏசவில்லை.

"அந்த ரேடியோக்காரர் இன்னும் வோட் எடுக்கினமோ?"

"இல்லையப்பா, இனி அடுத்த வருசம்தான்."

"சும்மா ஒண்டு அனுப்பிப் பாரன். அவையள் பதில் போடுவினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆருக்கு வோட் போடுவது என்று கேட்டேன்.

"ஆருக்கெண்டாலும்" என்றார்.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அங்கே பட்டியலும் இல்லை, அமத்துவதற்கு ஒன்றும் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார்.

அன்றைக்கே அண்ணாவுக்கு எழுதினேன். அப்பாவுக்கு உங்கள் பாட்டுப் பிடித்துவிட்டது, வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று. அண்ணா உச்சி குளிர்ந்து, நாலு பேரும் கையெழுத்துப் போட்ட இசைத்தட்டு ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார். அப்பா அதைப் பிரிக்கவே இல்லை. ரொக் கேட்கிறவர்களுக்கும் இவ்வளவு கூச்சமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.